பத்தடி மூன்று அங்குலப் பாதை

முகத்துக்கு நேரே எல்லோரும் அவளை ‘அக்கா’ என்றார்கள். தலை மறைந்ததும் ‘அரையிஞ்சு’ என்றார்கள். அந்தப் பட்டப்பெயர் வரக் காரணம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். புதுக் கால்சட்டை இடுப்பில் அரை அங்குலம் பிடிக்கிறது, பரவாயில்லை, விடுங்கள் என்று அவரே சொல்லியும் அவள் விடவில்லை. போட்டிருந்ததை அங்கேயே கழற்றி வாங்கி, மனுஷனை ஒரு துண்டோடு ஸ்டூலில் உட்காரவைத்து, பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். துண்டோடு உட்கார்ந்திருந்த வாத்தியாரை எதிர்க்கடைக்காரர் பார்த்துத் தொலைத்தார். அதற்குப் பிறகு பெயர் நிலைக்காமல் என்ன செய்யும்?

பதினாறு வயதில் ஒரு சீருடைக் கம்பெனியில் பட்டன் தைக்கப் போனவள். இப்போது நாற்பத்தொன்பது. சொந்தமாக இரண்டு மெஷின், மூன்று பள்ளிக்கூடங்களின் சீருடை ஆர்டர், கழுத்தில் எப்போதும் ஒரு டேப். குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவாள் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டுகிற அந்த மனுஷர் ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அதில் இரண்டு, “நமக்கெதுக்கு வம்பு” என்பதாக இருக்கும்.

இருவரும் குடியிருந்தது இரண்டறை வாடகை வீடு. முன்னறையில் மெஷின்கள். பின்னறையில் கட்டில், கட்டிலுக்கு அடியிலும் மேலேயும் துணி மூட்டைகள். மழைக்காலம் வந்தால் சுவரில் ஈரம் ஏறி வெள்ளைச் சட்டைத் துணியில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு மெஷின் சத்தம் ஆகாது. பெடலை மிதித்தால் போதும், மேலிருந்து துடைப்பக்கட்டையால் தரையை இடிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தி மிதிக்க, ஒருத்தி இடிக்க, நடுவில் அந்தக் கூரை எப்படித் தாங்கியது என்பதே அதிசயம்தான். கடைசியில் ஒரு நாள் அந்தம்மா இறங்கி வந்து, தன் மகன் குடும்பத்தோடு திரும்பி வரப்போவதாகவும், ஒன்றேகால் வருஷத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

வேறு இடம் என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப்போட்ட ஒரு துண்டு மனை. ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. சந்தின் ஒரு பக்கம் நெடுக ஒரு கிடங்கின் மதில். மறுபக்கம் ஒரே ஒரு வீடு, லாரிக்காரர் வீடு.

லாரிக்காரர் கடைசியாக லாரி ஓட்டி எட்டு வருஷம் ஆகியிருந்தது. சரக்கு சரிந்து விழுந்ததில் இரண்டு காலும் போயிற்று. கால்கள் இருந்தன, ஆனால் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அவரோடு வேலை செய்த சுமைக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வாசல்படியை உடைத்து, வாசலுக்கு உள்ளிருந்தே தொடங்கிச் சந்துக்குள் இரண்டு அடி நீட்டிக்கொண்டு ஒரு சிமெண்டுச் சரிவு போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் சக்கர நாற்காலியில் தானே உருட்டிக்கொண்டு இறங்குவார். சந்து முனைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவர் எல்லோரையும் வம்புக்கு இழுப்பார். “என்ன தங்கச்சி, இன்னிக்கு எந்த வாத்தியாருக்குத் துண்டு?” என்று அவளைக் கேட்பார். அவளும் சும்மா போகமாட்டாள். “உங்க வாயைத் தைக்கத்தான் நூல் வாங்கப் போறேன்ணே” என்பாள்.

கட்டட அனுமதிக்கு மனுப் போட்டாள். இரண்டு மாதம் ஆறப்போட்டுவிட்டு, அளக்க ஒருவர் வந்து போனார். அவள் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை கொடுக்கப் போயிருந்த நேரம் அது. அப்புறம் காகிதம் வந்தது. மனைக்குப் போகும் பாதை குறைந்தது பத்து அடி அகலம் இருக்க வேண்டும், இந்தப் பாதை மிகக் குறுகிய இடத்தில் ஒன்பது அடி மூன்று அங்குலம்தான் இருக்கிறது, ஆகவே அனுமதி மறுக்கப்படுகிறது. கீழே ஒரு கையெழுத்து, அதன்மேல் ஒரு முத்திரை.

அன்று மாலையே அவள் சந்துக்குப் போனாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, சரிவின் விளிம்பிலிருந்து எதிர்மதில் வரை அளந்தாள். அவள் டேப் ஐந்து அடி நீளம். இரண்டு முழு டேப்பும், அதற்கு மேல் மூன்று அங்குலமும் வந்தது. மறுபடி அளந்தாள். பத்தடி மூன்று அங்குலம். மூன்றாவது தடவையும் அதேதான்.

மறுநாள் ஆபீசுக்குப் போனாள். அந்த ஆபீசைப் பற்றிச் சொல்லாமல் போகவும் முடியவில்லை, சொல்லவும் வாய் கூசுகிறது. மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் மூலைச் சுவரில் யார் யாரோ துப்பிய கறை, பழசின் மேல் புதுசாக. மேலே நீளமான ஓர் அறை. அலமாரிகளில் இடம் போதாமல் ஃபைல்கள் தரையில் அடுக்கிக் கிடந்தன. அடியில் இருந்தவை தண்ணீர் குடித்து ஊதிப்போயிருந்தன. பாதையை அளந்துபோன அளவுக்காரர் ஒரு பொட்டலத்தில் கடலை வைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் விரலில் ஒட்டிய உப்பைப் பக்கத்தில் இருந்த ஃபைலின் ஓரத்தில் துடைத்தார். அது யாரோ ஒருவரின் வீடு. பத்து வருஷச் சேமிப்பாக இருக்கலாம். அவருக்கு அது கைத்துண்டு.

அதில் கையெழுத்துப் போட்டிருந்த பொறியாளர் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தார்.

“இதை வச்சா அளந்தீங்க?”

“ஆமா சார். மூணு தடவை அளந்தேன்.”

“ஏம்மா, துணி டேப்பு இழுபட்டுடும்மா. இழுபட்டா அதிகமாத்தான் காட்டும். ரவிக்கைக்கும் ரோட்டுக்கும் ஒரே டேப்பா?” அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

இழுபட்டுப்போன டேப் அதிகமாகக் காட்டாது. கோடுகள் விலகிப்போவதால் குறைவாகத்தான் காட்டும். தையல் மெஷினில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே யாருக்கும் தெரிந்துவிடுகிற சங்கதி இது. பதில் அவள் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டாள்.

ஏன் விழுங்கினாள் என்று பிற்பாடு தனக்குத் தானே ஆயிரம் காரணம் சொல்லிப்பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் கூச்சமாக இருந்தது. முத்திரை குத்திய காகிதம் பொய் சொல்லாது என்று ஒரு பயம். வீட்டைக் காலி செய்ய மாதங்கள்தான் இருந்தன. எல்லாமே உண்மைதான். ஆனால் பொறியாளர் அடுத்துச் சொன்னதுதான் உண்மையான காரணம்.

“எதுக்கும்மா சண்டை? அந்த வீட்டுக்காரர் சந்துல சரிவு போட்டு வச்சிருக்காருல்ல? அதை எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு அடி கிடைச்சிடும். மறுபடி மனு குடுங்க, முடிஞ்சுது. இல்ல, அளவு தப்புன்னு மேல்முறையீடு பண்றதா இருந்தா பண்ணுங்க. வருஷக் கணக்காகும்.”

ஆபீஸோடு மோதுவதா, நடக்க முடியாத ஒரு மனுஷனிடம் போய்க் கேட்பதா? எது சுலபம் என்று கணக்குப் போட அவளுக்கு மாடிப்படி இறங்குகிற நேரம் போதுமாக இருந்தது.

லாரிக்காரர் காகிதத்தை வாங்கிப் படித்தார். அவர் மனைவி, இவள் ‘அண்ணி’ என்று கூப்பிடுகிறவள், கதவோரம் நின்றாள்.

“ஒம்போது மூணுதான் இருக்காமா?” என்றார்.

“அப்படித்தான்ணே எழுதியிருக்காங்க.”

எழுதியிருக்கிறார்கள் என்றாள். இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவள் எவ்வளவு பார்த்துப் பொறுக்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். லாரிக்காரர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி, இடிச்சுக்கோ. உன் வீடு நிக்கறதுக்கு நான் குறுக்க நிக்க முடியுமா? எனக்குத்தான் நிக்கவே முடியாதே.” அவரே சொல்லி அவரே சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

“அப்புறம் இவரு எப்படி வெளிய வருவாரு?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆள் வச்சுத் தூக்கிக்கலாம் அண்ணி. நாங்க இல்லையா? எங்க வீட்டுக்காரரும் வருவாரு.”

கொத்தனார் சரிவை உடைக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் சந்துக்குள் நீட்டாமல், வாசலுக்குள்ளேயே செங்குத்தாக மூன்று படி கட்டினார். முதல் மாதம் சுமைக்காரர்கள் முறை வைத்து வந்து நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அவள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிற வழியில் ஐந்தாறு நாள் கை கொடுத்தார். பிறகு ஒருவருக்கு வெளியூர் வேலை, ஒருவருக்கு முதுகுவலி. தினமும் என்பது வாரம் இரண்டாகி, ஒன்றாகி, ஒரு வாரம் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சந்து முனையில் அவர் உட்கார்கிற இடத்தில் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தத் தொடங்கினார்கள்.

அவள் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள். மனையைப் பார்க்கப் போகவேண்டி வந்தால், லாரிக்காரர் வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் அவளுக்கு எங்கிருந்தோ ஓர் அவசரம் வரும். காலைக் கட்டிப்போட்டது போல ஒரு மனுஷனை உள்ளே உட்காரவைத்துவிட்டு, மதில் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறு என்று போனாள். கண்றாவி.

இரண்டாவது மனுவுக்கு அளக்க வந்தபோது அவள் கூடவே நின்றாள். அதே கடலை அளவுக்காரர்தான். டேப்பை உருளையிலிருந்து இழுத்தார். முனையில் இருக்கவேண்டிய வளையம் இல்லை. முதல் ஓர் அடியே பிய்ந்துபோயிருந்தது. ஒன்று என்று எழுதியிருந்த கோட்டைப் படியோரம் வைத்துப் பிடித்துக்கொண்டு மதில் வரை இழுத்தார்.

“பதிமூணு மூணு. முனையில ஒரு அடி இல்ல, அதைக் கழிச்சா பன்னெண்டு மூணு” என்று சத்தமாகச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு அடி மூன்று அங்குலம். அதில் சரிவின் இரண்டு அடியைக் கழித்தால் என்ன வரும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் அந்தக் கணக்கைப் போடவில்லை. “தண்ணி குடிக்கிறீங்களா சார்?” என்று கேட்டாள்.

அனுமதி வந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று தகவல் வந்தபோது சரிவை இடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டைக் காலி செய்ய நாலு மாதம் பாக்கி. கொத்தனார் ஆட்களோடு தயாராக இருந்தார். மூன்று மாதத்தில் மெஷின் போடுகிற அளவுக்காவது ஒரு அறையை எழுப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆபீஸில் பதிவு எழுதுகிற அம்மாள் காகிதத்தை நீட்டி, “சந்தோஷமா? போய் நல்லபடியா கட்டுங்க” என்றாள். நன்றி சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். அவளுக்குத்தான் ஓர் அளவைப் படிக்காமல் கடக்க முடியாதே. பாதையின் அகலம் என்ற இடத்தில் பதினோரு அடி மூன்று அங்குலம் என்று இருந்தது.

“ஒரு அடி குறையுதே மேடம்” என்று அவள் வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. “அன்னிக்கு சார் பன்னெண்டு மூணுன்னுதானே எழுதினாரு?”

“ஆமா, சீட்டுல அப்படித்தான் இருக்கும். அந்த டேப்புல முனை இல்லல்ல? அதனால நான் எப்பவும் ஒரு அடி கழிச்சுத்தான் புத்தகத்துல ஏத்துவேன்.”

பக்கத்து மேஜையில் கடலை தின்கிற வாய் நின்றது. “நான் அங்கேயே கழிச்சுடுறேனே மேடம்?”

“நீங்க எதுக்குக் கழிக்கிறீங்க? உங்களுக்கு முன்னால இருந்தவரு கழிக்காமதான் குடுப்பாரு. நான்தான் கழிப்பேன்.”

“எனக்கு யாரும் சொல்லலையே! நான் வந்து மூணு வருஷமாச்சே!”

“அப்போ மூணு வருஷமா நீங்களும் கழிச்சு, நானும் கழிச்சு...”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். சாதாரணச் சிரிப்பு இல்லை. அந்த அம்மாள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அளவுக்காரருக்குக் கடலை புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது, யாரோ அவர் தலையைத் தட்டிவிட்டார்கள். என்ன விஷயம் என்று பொறியாளர் எழுந்து வந்தார், அவருக்கும் சொல்லி அவரும் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டேப் முனை லேசாக நைந்தாலே அவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவாள். ஒரு பிள்ளையின் சட்டைக் கை ஒரு விரல்கடை ஏறிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. இங்கே இத்தனை பெரிய ஆபீஸில் பிய்ந்த டேப்பை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக ஓர் அடி தின்றிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு இல்லை என்று எழுதினார்களோ. அவர்கள் எல்லாம் யார் வாசலை இடித்தார்களோ.

“சிரிக்கிறீங்களே சார். இதுக்காக ஒருத்தரோட வாசலையே இடிச்சோம்” என்றாள்.

பொறியாளர் சிரிப்பைத் துடைத்துக்கொண்டார். “சரிம்மா, புது டேப்புக்கு எழுதிப்போட்டுத்தான் இருக்கோம். உங்களுக்குத்தான் அனுமதி கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன?”

“அந்தச் சரிவைத் திரும்பக் கட்டிக்கலாமா?”

“அது எப்படி? புத்தகத்துல பதினொண்ணே மூணு. மறுபடி ரெண்டு அடி போச்சுன்னா ஒம்போதே மூணுதானே? வீடு முடிஞ்சதும் பார்க்க வருவோம். அப்ப பாதைல ஏதாவது நீட்டிக்கிட்டு இருந்தா குடியேற விடமாட்டோம்.”

“அப்ப புத்தகத்தைத் திருத்துங்க.”

“திருத்தணும்னா நீங்க மனு குடுக்கணும். மனு குடுத்தா உங்க ஃபைலைத் திரும்பத் திறக்கணும். திறந்தா இந்த அனுமதி நின்னுபோகும். எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது. நல்லதுக்குச் சொல்றேன், கிளறாதீங்க.”

வீட்டில் அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அந்த ஆபீஸையும், கடலையையும், சிரிப்பையும் வாய் வலிக்கிற வரை திட்டினாள். வீட்டுக்காரர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “நமக்கெதுக்கு வம்பு?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அவங்களும் ஏமாத்தினாங்க, நாமும் ஏமாந்தோம். நம்ம மேல என்ன தப்பு?” என்றார். அது அவளுக்கு இதமாக இருந்தது. அந்த இதத்தைப் பிடித்துக்கொண்டே மறுநாள் லாரிக்காரர் வீட்டுக்குப் போனாள். ஏமாந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆபீஸைத் திட்டினால் மனசு ஆறும் என்று ஒரு நினைப்பு.

உள்ளே போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. சக்கர நாற்காலி ஓரமாக நின்றது, அதன்மேல் துவைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. லாரிக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்து, தாடி வளர்ந்து, கழுத்து மெலிந்திருந்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிய்ந்த டேப், இரண்டு கழித்தல், சிரிப்பு, எல்லாம்.

“அநியாயம்ணே. வயிறெரியுது. நான் மனு குடுத்து அதைத் திருத்தச் சொல்லட்டுமா? சரிவைத் திரும்பக் கட்டிடலாம். என்ன, வீடு கொஞ்சம் தள்ளிப்போகும்.” தள்ளிப்போகும் என்று சொல்லும்போது, வேண்டாம் என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று உள்ளுக்குள் ஒன்று காத்திருந்தது.

அண்ணிதான் பேசினாள். “கட்டி என்னம்மா ஆகப்போகுது? முதல்ல கொஞ்ச நாள், இன்னிக்கு யாராச்சும் வருவாங்களான்னு காலையிலேயே சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. இப்ப சட்டையே போடறதில்ல.”

லாரிக்காரர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

“அன்னிக்கு உன் டேப்புல எவ்வளவு இருந்துச்சு?”

அவள் கழுத்து டேப்பின் முனையை விரலில் சுற்றினாள்.

“அளந்தியே தங்கச்சி. காகிதம் வந்த அன்னிக்குச் சாயங்காலம். நான் ஜன்னல்லதான் இருந்தேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை அளந்தே.”

“பத்தடி மூணு இஞ்ச்சுண்ணே.”

“அதான். மறுநாள் காகிதத்தை எடுத்துக்கிட்டு வந்தியா, நீயே சொல்லுவேன்னு உன் மூஞ்சியப் பார்த்தேன். நீ சொல்லல.” அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. “உன் அளவு தப்பாதுன்னு எனக்குத் தெரியும். உனக்கே தெரிஞ்சும் நீ சொல்லலைன்னா, உனக்கு அவ்வளவு அவசரம்னு விட்டுட்டேன்.”

நேற்று முழுக்க ஆபீஸின் மேல் துப்பிய அத்தனையும் திரும்பி வந்து அவள் முகத்தில் விழுந்தது. அந்த இரண்டு பேரும் தெரியாமல் கழித்தார்கள். தெரிந்து கழித்தது இவள் ஒருத்திதான். தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. “தெரியும்ணே” என்றாள்.

மறுநாள் காலை அவள் கையாலேயே எழுதிய மனுவோடு ஆபீஸுக்குப் போனாள். வீட்டுக்காரர் கூடவே வந்தார், வம்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. பதிவு எழுதுகிற அம்மாள் மனுவைப் படித்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட்டாள். அவர் நின்றபடியே படித்தார்.

“யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா? நாலு மாசத்துல வீட்டைக் காலி பண்ணணும்னும் எழுதியிருக்கீங்க, எங்க போவீங்க?”

“தெரியாது சார்.”

“அனுமதிக் காகிதத்தை இங்க வச்சுட்டுப் போகணும்.” அவள் வைத்தாள். அவர் மறுபடி மனுவைப் பார்த்து, ஒரு வரியின் கீழ் பேனாவை வைத்தார். “சரி, அளவு தப்புன்னு எழுதியிருக்கீங்க, அது போதும். ‘சரிவை இடிக்கச் சொல்வதற்கு முன்பே பாதை போதுமான அகலம் இருப்பது எனக்குத் தெரியும்’னு இது எதுக்கு? நாளைக்கு உங்களுக்கே வினையா வந்து நிக்கும். இந்த வரியை அடிச்சுடுங்க.”

“வேண்டாம் சார். அந்த வரி இருக்கட்டும்” என்றாள்.